பில் யார் பெயரில்?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அச்சகத்தில் கணக்கு பார்க்கிறேன். 2022 நவம்பர் பொதுத் தேர்தலின்போது இரவெல்லாம் பேனரும் கொடியும் அச்சாகிக்கொண்டே இருந்தன. பேனரில் சிரித்தவர் வேட்பாளர். பில் மட்டும் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் பெயரில். "அப்படியே போடுங்க அக்கா" என்றார் கட்சிக்காரர். இன்னும் மனசு ஆறவில்லை.

1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 200,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 100,000 ரிங்கிட் என்று செலவு வரம்பு வைத்திருக்கிறது. சரி, கட்சிக்கு? வரம்பே இல்லை. பணம் கொடுத்தது யார் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2013 தேர்தலுக்கு முன், அப்போது பிரதமராக இருந்த நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் விழுந்த 260 கோடி ரிங்கிட்டையே 'நன்கொடை' என்றார்கள்.

கம்பெனி சும்மா கொடுக்குமா? நாளைக்கு நம் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் அடுக்குமாடி எழும்பினால், ஜெயித்து 'யாங் பெர்ஹோர்மாட்' (மாண்புமிகு) ஆனவரிடம் போய் எந்த நம்பிக்கையில் முறையிடுவது?

அரசியல் நிதிச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சாகவே இருக்கிறது. கொடுத்தவர் பெயர் வாக்களிப்புக்கு முன்பே வெளிவர வேண்டும். அரசாங்கக் குத்தகை எடுக்கும் நிறுவனங்கள் கொடுக்கவே கூடாது.