தராசைத் தொட முடியாத தை மாதம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியபோது சம்பா அறுவடைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய் இரண்டு மணி நேரம் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து 14 நாள், காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள் கேப்சிடபின் மாத்திரை. அப்புறம் 7 நாள் மாத்திரைக்கு விடுமுறை. இப்படி 8 சுற்று.

இந்த மருந்துக்கு முடி அவ்வளவாகக் கொட்டாது. அதுவே ஒரு தொந்தரவாகிப் போனது. மொட்டைத் தலையை எதிர்பார்த்து வந்தவர்கள், "ஆளு நல்லாத்தானே இருக்கீங்க" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறினால் உடம்புக்குக் குளிர் ஆகாது, குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரும்பை நான் யோசிக்கவில்லை. தை மாதப் பனி, காலை ஏழு மணி, எடைத் தராசின் தட்டில் கை வைத்தேன். விரல் நுனியெல்லாம் கரண்ட் அடித்ததுபோல் இழுத்துக்கொண்டது. பதறிப்போய் கேனிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன், தொண்டையை யாரோ பிடித்துவிட்டார்கள். மூச்சு நிற்கவில்லை, ஆனால் நின்றுவிடும் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர், கையில் கம்பளி உறை. "சார் ஊட்டிக்குக் கிளம்பிட்டாரு" என்று சுமைதூக்கும் ஆட்கள் சிரித்தார்கள். நானும்தான்.

அவர்களில் மூத்தவர் ஒருநாள், "கையக் குவியலுக்குள்ள விடுங்க சார், கதகதன்னு இருக்கும்" என்றார். இருந்தது. ஈர நெல் உள்ளே சூடேறும். எனக்குச் சுகமாக இருந்த குவியல், அதற்கு உரியவருக்குக் கேடு. ஈரப்பதமானி 17 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது, அவர் மறுபடி களத்தில் கொட்டிக் காயவைக்கப் போனார். நெல்லைக் கடித்தே ஈரம் சொல்லிவிடுவேன் என்ற என் பழைய பெருமையும் வாய்ப்புண்ணோடு போனது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் தூற்றும் இயந்திரத்தின் தூசுப் பக்கம் போவதில்லை, காய்ச்சல் 100.4 தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. 40 கிலோ சிப்பத்தை நகர்த்திவைக்கும் பழக்கத்தையும் விட்டேன். உட்கார்ந்து பட்டியல் போடுவது மட்டும் என் வேலை.

வீட்டில் அம்மா என்னைப் படுக்கையை விட்டு எழ விடவில்லை. முதல் சுற்று முழுக்கப் படுத்தே கிடந்தேன், முடிவில் கொல்லைப்புறம் போகக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னதற்கு, வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் நடக்கச் சொன்னார். பாமணியாற்றுக் கரையில் வெயில் ஏறிய பிறகு நடந்தேன். மருந்து ஏறிய முதல் நாலு நாள் தெருமுனையோடு சரி. மூன்றாவது வாரம் மதகு வரை. சோர்வு குறைந்தது, சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கண் சொருகவில்லை.

ஐந்தாவது சுற்றில் உள்ளங்காலும் உள்ளங்கையும் சிவந்து உரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். வீம்பு. டாக்டரிடம் திட்டு வாங்கி, மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிய பிறகுதான் கரைப் பக்கம் போனேன்.

கடைசிச் சுற்றின்போது ரேஷன் கடையில் என் கைரேகை விழவில்லை. இந்த மாத்திரை சிலருக்கு ரேகையையே மழுக்கிவிடும். கடைக்காரர் துணியால் மூன்று முறை துடைத்துப் பார்த்தார். பின்னால் நின்ற நடவுக்காரம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "நடவு சமயத்துல எனக்கும் இப்படித்தான் தம்பி. தேங்காண்ணெய் தடவிட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

சரிங்கம்மா என்றேன்.