சார்ட்டில் இல்லாத அம்மையார்

ஜூன் 18

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இசை அறைச் சுவரில் வாக்கேயக்காரர்கள், அதாவது பாட்டு எழுதி மெட்டும் போட்டவர்கள், சார்ட் ஒட்டினார்கள். புரந்தரதாசர், திருவாரூர் மூவர், சீர்காழி மூவர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று ஒன்பது படங்கள். பசை காய்வதற்குள் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், பொம்பளைங்க யாருமே பாட்டு கட்டலையா?"

"இருக்காங்கம்மா, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மணி அடித்துவிட்டது. 22 வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அவளுக்கு 13 வயதில் தோன்றியது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூன் 19

பரணிலிருந்து என் பழைய பாட்டு நோட்டை இறக்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ராகம், தாளம், இயற்றியவர் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறேன். தர்மவதி ராகத்தில் 'ஓடோடி வந்தேன் கண்ணா' இருக்கும் பக்கத்தில் மட்டும் ராகமும் தாளமும்தான் உண்டு. இயற்றியவர் இடம் காலி.

எனக்குப் பாட்டு சொல்லித்தந்த டீச்சருக்குப் போன் பண்ணினேன். "அம்புஜம் கிருஷ்ணாடி. நம்ம மதுரையிலேயே வாழ்ந்தவங்க. நான் சொல்லாம விட்டுட்டேனா?" என்று அவர் குரல் தழைந்துவிட்டது. 1917-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். 600-க்கும் மேல் பாடல்கள். நான் எத்தனையோ மேடையில் பாடிய ரீதிகௌளை 'குருவாயூரப்பனே'யும் அவருடையதுதான். பாட்டு எனக்குக் கிடைத்தது, அவர் பெயர் கிடைக்கவில்லை. இதே ஊரில் இருந்துகொண்டு!

ஜூன் 27

ஒரு வாரமாக எழுதவில்லை. இன்று நடந்ததை மட்டும் முழுசாக எழுதிவைக்க வேண்டும்.

தெருக்கோடிக் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஐயாவிடம், பெண்கள் பாடியதில் பண்ணோடு (பழந்தமிழ் ராகத்தோடு) இருப்பது ஏதாவது உண்டா என்று கேட்டேன். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? மூத்ததே ஒரு அம்மா பாடினதுதானே" என்றார். காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. தேவார மூவருக்கும் முந்தியவை என்பதால்தான் 'மூத்த' என்ற அடைமொழி. முதலாவது நட்டபாடைப் பண், இரண்டாவது இந்தளம்.

இரண்டாவதை மெல்லப் பாடத் தொடங்கினார். ரெண்டு வரி போவதற்குள் என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஸ்வரங்கள் எனக்கு அத்துபடி. இந்தளத்தை ஓதுவார்கள் இன்றைக்கு மாயாமாளவகௌளையில்தான் பாடுகிறார்கள்.

மாயாமாளவகௌளை! சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் அதில்தானே. பாட்டுப் படிக்க உட்காரும் எந்தப் பிள்ளையும் வாய் திறப்பது அந்த ராகத்தில்தான். அந்தப் பாடத்தை வகுத்துத் தந்தவர் என்று புரந்தரதாசரைச் சொல்லிக்கொடுக்கிறோம், சரிதான். அவருக்குப் பல நூற்றாண்டு முன்னால் ஒருத்தி பாடியதை அதே ராகத்தில் கேட்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிப் பாட்டில் 'காரைக்கால் பேய்' என்று தன் முத்திரையையும் அம்மையார் வைத்திருக்கிறார். பெயர் தெரியாமல் போய்விட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும், பாட்டு கட்டிய பெண்களையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லிப் பாடத்திட்டக் குழுவுக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை 6

இசை ஆசிரியர்கள் பதினோரு பேர் கூடினோம். மனுவை வாசித்தேன். வயதில் மூத்த சார் ஒருவர், மரியாதையாகத்தான், மறுத்தார்: "அம்புஜம் அம்மா சாகித்தியம், பாட்டு வரிகள்தான் எழுதினாங்க. மெட்டுப் போட்டது வேற வித்வான்கள். வாக்கேயக்காரர்னா ரெண்டும் செய்யணும்மா."

இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் சார்ட்டில் இருக்கும் அருணாசலக் கவிராயர்? இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்தவர்கள் அவருடைய மாணவர்கள் கோதண்டராமய்யரும் வெங்கடராமய்யரும். அதற்காகக் கவிராயரை யாராவது சீர்காழி மூவரிலிருந்து நீக்கினோமா? நீக்கவும் கூடாது. ஒரே படியால் எல்லாரையும் அளக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செங்கோட்டை ஆவுடையக்காளையும் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். அவர் பாட்டியம்மா மாவரைக்கும்போது அக்காள் பாட்டைப் பாடுவாராம். பெண்களின் வாய்வழியாகவும் கையெழுத்து நோட்டுகள் வழியாகவும் தப்பி வந்த வேதாந்தப் பாடல்கள் அவை. சேர்த்துவிட்டேன்.

ஜூலை 10

மகன் ஒரு செய்தியைக் காட்டினான். 2015-இல் லண்டனில் ஜெஸ்ஸி மெக்கேப் என்ற 17 வயது மாணவி, தன் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) இசைப் பாடத்தில் 63 இசையமைப்பாளர்கள் இருந்தும் ஒரு பெண்கூட இல்லை என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தியிருக்கிறாள். அந்த வருஷக் கடைசிக்குள் தேர்வு வாரியம் இறங்கி வந்து, கிளாரா ஷூமன், அனுஷ்கா சங்கர் உட்பட ஐந்து பெண்களைச் சேர்த்தது. வாதம் எல்லாம் அப்புறம், முதலில் அவள் எண்ணியிருக்கிறாள். நாளைக்கு நானும் எங்கள் பாடத்தை வரி வரியாக எண்ணி மனுவோடு இணைக்கப் போகிறேன்.

ஜூலை 17

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மனுவைப் புரட்டியவர், "பாடம் ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கு. யாரை எடுக்கச் சொல்றீங்க?" என்றார்.

யாரையும் எடுக்க வேண்டாம், மாயாமாளவகௌளை வரிசைகள் முடிந்ததும் அதே ராகத்தில் அம்மையாரின் ஒரு பாட்டு, அதற்கு ரெண்டு பீரியட் போதும் என்றேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார். பதிவு எண் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

ஜூலை 23

ஆறாம் வகுப்பில் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். சரளி வரிசை முடித்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகள். "மிஸ், இது நம்ம சரிகம மாதிரியே இருக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் அந்த எட்டாம் வகுப்புப் பெண் படம் வரைந்து கொண்டுவந்தாள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனியைப் பார்த்து வரைந்தது. எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் அம்மையார், கையில் தாளக்கருவி. "பாட்டுக்காரங்கன்னு பார்த்தாலே தெரியுதுல்ல மிஸ்?" என்றாள். ஆனால் ஒட்ட இடமில்லை. காலவரிசைப்படி புரந்தரதாசருக்கும் முன்னால் வர வேண்டும், சார்ட்டோ அவரில்தான் தொடங்குகிறது. இடப்பக்கம் இன்னொரு தாளை ஒட்டி நீட்டியிருக்கிறாள்.

இதுவரை 19 கையெழுத்து. சனிக்கிழமை திருமங்கலம் பக்கத்துப் பள்ளி டீச்சர்களைப் பார்க்கப் போகிறேன். ஓதுவார் ஐயாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.