இல்லாதவருக்கு ரேட்டிங் போடுவது

அமெரிக்காவில் தனியார் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்குமா தெரியாது. காரணம் எதுவும் சொல்லாமலே அனுப்பிவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு மீட்டிங் அழைப்பு வரும், மூன்று மணிக்கு லேப்டாப் பூட்டிக்கொள்ளும். எச்-1பி விசாக்காரர் என்றால் அதன் பிறகு 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். நானும் வருடக்கணக்கில் அந்த விசாவில் இருந்தவன்தான். அதனால்தான் எச்.ஆர். அம்மையார் சொன்னதை என்னால் உடனே நம்ப முடியவில்லை. என் டீமில் ஒருவர் ஏறக்குறைய ஒரு வருடம் ஆபீஸ் பக்கமே வரமாட்டாராம், திரும்பி வந்ததும் அவர் வேலையை அவரிடம் கொடுத்தே ஆக வேண்டுமாம்.

அவர் ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி. கூடவே ஆர்மி நேஷனல் கார்டில் சார்ஜென்ட். டீமில் எல்லோரும் அவரைச் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பட்டாளத்துக்குப் போனவர் என்றால் முழுநேரமாகப் போனவர். வருடத்துக்கு ஒருமுறை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு லீவில் வருவார், மிலிட்டரி கேன்டீன் கதைகள் சொல்வார். திங்கள் முதல் வெள்ளி வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேக்கப் சரிபார்த்துவிட்டு, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு சீருடை போட்டுக்கொண்டு போகிறவரை நான் ஒஹாயோவுக்கு வந்துதான் பார்த்தேன். கோடையில் இரண்டு வாரப் பயிற்சி தனி. அரசு கூப்பிட்டால் மாதக்கணக்கில் போக வேண்டும். அப்படித்தான் அந்த வருடம் கூப்பிட்டார்கள்.

சட்டத்தின் பெயர் நீளம். சுருக்கமாக யுசெர்ரா என்பார்கள், 1994-ஆம் வருடத்தது. இதன் வேர் 1940-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தபோதே போடப்பட்டுவிட்டது: நாட்டுக்காகப் போகிறவன் திரும்பி வரும்போது வேலை இருக்க வேண்டும். மருத்துவ விடுப்புச் சட்டம் 50 பேருக்குக் குறைவான தனியார் கம்பெனியைத் தொடாது. யுசெர்ராவில் அந்த விலக்கு கிடையாது, ஒரே ஒரு ஊழியர் வைத்திருக்கும் கடைக்காரரும் கட்டுப்பட்டவர்தான்.

சார்ஜென்ட் என்னிடம் விஷயத்தைச் சொன்ன அன்று, பக்கத்து டீமை நடத்தும் கரூர்க்காரத் தம்பி ஒருவர் காபி மெஷின் பக்கம் கேட்டார்:

"அண்ணே, அவரு லீவு கேக்குறாரா, லீவுன்னு சொல்றாரா?"

"சொல்றார்."

"அப்ப நீங்க அப்ரூவ் பண்ண என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். ஊழியர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வாய்மொழியாகச் சொன்னாலே போதும். "இந்தக் காலாண்டு ரிலீஸ் இருக்கிறது, அடுத்த மாதம் போங்கள்" என்று நான் சொல்ல முடியாது. அவருடைய ஷிஃப்டுக்கு மாற்று ஆள் பிடித்துத் தரச் சொல்லவும் முடியாது, அது மேனேஜர் வேலை. சேர்த்து வைத்திருக்கும் வெக்கேஷனை இதில் கழித்துவிடு என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. அவராக விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளம்? இந்தச் சட்டப்படி தனியார் கம்பெனி பொதுவாகக் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் பல, ராணுவச் சம்பளத்துக்கும் தங்கள் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுக்கின்றன. எங்களுடையது அவ்வளவு பெரியது அல்ல. ஆனால் ஒரு இடத்தில் பேரோல் சிக்கியது. சார்ஜென்டின் உத்தரவு ஒரு புதன்கிழமை தொடங்கியது. திங்கள், செவ்வாய் வேலை பார்த்துவிட்டுப் போனார். மென்பொருள் மூன்று நாள் சம்பளத்தைக் கச்சிதமாக வெட்டிவிட்டது. அவர் ஓவர்டைம் இல்லாத நிலைச் சம்பளக்காரர். அப்படிப்பட்டவர் வாரத்தில் கொஞ்சமாவது வேலை பார்த்துவிட்டுத் தற்காலிக ராணுவப் பணிக்குப் போனால், அந்த வாரச் சம்பளத்தை வெட்டக் கூடாது, அதே வாரத்துக்கு அவர் வாங்கும் ராணுவச் சம்பளத்தை வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம். இது யுசெர்ராவில் இல்லை, ஊதியச் சட்ட விதிகளில் இருக்கிறது. அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. பேரோல் பார்க்கும் பெண்மணி இரண்டு முறை விதியைப் படித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, திருத்தி ஓட்டினார்.

காப்பீடு சுலபமாகவே முடிந்தது. 30 நாள் வரையான பணி என்றால் ஊழியர் வழக்கமான தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். அதற்கு மேல் போனால் 24 மாதம் வரை கம்பெனித் திட்டத்தில் தொடரலாம், ஆனால் மொத்த பிரீமியத்தில் 102 சதவீதம் வரை அவர் தலையில் விழும். நீண்ட உத்தரவு என்றால் குடும்பத்துக்கே ராணுவக் காப்பீடு கிடைக்கும் என்பதால் சார்ஜென்ட் கணக்குப் போட்டு அங்கே மாறிக்கொண்டார். திரும்பும்போது காத்திருப்புக் காலம் எதுவும் போடாமல் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் படிவம் நிரப்பும் வேலை. கஷ்டம் நவம்பரில் வந்தது.

1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி வழக்கில் சொன்ன உவமை இன்றும் இந்தச் சட்டத்தின் உயிர். வேலை என்பது ஓடும் எஸ்கலேட்டர். போர்முனையிலிருந்து திரும்புகிறவர் இறங்கிய படியில் ஏறுவதில்லை, இறங்காமலே நின்றிருந்தால் இன்றைக்கு எந்தப் படியில் இருப்பாரோ அந்தப் படியில் ஏறுகிறார். சீனியாரிட்டியைப் பொறுத்தவரை இது எளிது, தேதிகளைக் கூட்டினால் போதும். ஓய்வூதியக் கணக்கும் அப்படித்தான். அவர் 401கே கணக்கில் போடாமல் விட்ட தொகையைத் திரும்பி வந்தபின் போட்டு நிரப்பலாம். அதற்கு அவகாசம் சேவைக் காலத்தைப் போல மூன்று மடங்கு, அதிகபட்சம் ஐந்து வருடம். அவர் போடப் போட கம்பெனியும் தன் பங்கைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் எங்கள் மாதிரி இடங்களில் சம்பள உயர்வு சீனியாரிட்டியில் வருவதில்லை, ரேட்டிங்கில் வருகிறது. வருடக் கடைசியில் மேனேஜர்கள் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையில் எக்ஸெல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் ஆள் நாலா, என் ஆள் நாலா என்று மல்லுக்கட்டும் கூட்டம் அது. சார்ஜென்ட் பெயர் வந்தது. டைரக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஆளே இல்லை, அதனால் பொருந்தாது என்று போட்டுவிடலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளில் 'பொருந்தாது' என்று போட்டால் உயர்வுக் கட்டத்தில் தானாகப் பூஜ்யம் வந்து உட்காரும். யாரும் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் ஒரு வருட உயர்வு காணாமல் போயிருக்கும்.

தொழிலாளர் துறையின் விதிகள் இதைப் பேசுகின்றன. தகுதி அடிப்படையிலான உயர்வானாலும், அவர் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தால், திரும்பும் நாளில் அவர் சம்பளத்தில் அது இருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? அவருடைய பழைய மதிப்பீடுகளைப் பார், அவரைப் போன்ற சக ஊழியர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார். நான் அவருடைய முந்தைய மூன்று வருட ரேட்டிங்கைத் திரையில் போட்டேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அதையே போடுவோம் என்றேன்.

அப்போது இன்னொரு டீம் லீட் கேட்டது இன்றைக்கும் எனக்கு நியாயமான கேள்வியாகவே படுகிறது. "என் ஆட்கள் இந்த வருடம் ராத்திரி ராத்திரியாக விழித்து மைக்ரேஷன் முடித்தார்கள். உயர்வுக்கு ஒதுக்கிய பணம் ஒன்றுதான். அதிலிருந்துதானே இவருக்கும் போகும்?" ஆமாம், அதிலிருந்துதான் போகும். கோபம் நியாயம், ஆனால் பட வேண்டியது சார்ஜென்ட் மேல் அல்ல, பணத்தை ஒதுக்கியவர் மேல். அவருக்கான தொகையைத் தனியாக ஒதுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒதுக்கினார்கள்.

அதே லீட், சார்ஜென்ட் திரும்பி வந்ததும் இரண்டு மாதம் தொடர்ந்து வார இறுதி ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் உடனே வேலை பார்க்கும் முறை, அவருக்கே போட்டு ஈடு கட்டலாம் என்றும் சொன்னார். அந்த யோசனைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராஃபி டெக்னீஷியனாக இருந்த ஸ்டாப் என்பவர் ஆர்மி ரிசர்வில் இருந்தார், அதுவும் கார்டைப் போலப் பகுதிநேரப் படைதான். அவர் பயிற்சிக்குப் போவதால் மற்றவர்கள் கஷ்டப்படுகிறார்கள், அதைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று ஒரு மேலதிகாரி கூடுதல் ஷிஃப்டுகளை அவர் தலையில் கட்டினார். பயிற்சி என்பதே வெட்டி அரட்டை, வரிப்பணம் பாழ் என்றார் இன்னொருவர். கடைசியில் வேலையை விட்டு நீக்கியது எச்.ஆர். துணைத் தலைவர், அவருக்கு ராணுவத்தின் மேல் எந்த வெறுப்பும் இருந்ததாகத் தெரியவில்லை. அது பரவாயில்லை, கீழே இருந்த மேலதிகாரியின் வெறுப்பு அந்த முடிவுக்கு நேரடிக் காரணமாக இருந்தாலே நிறுவனம் பொறுப்பு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு புது மேனேஜருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பேன். கையெழுத்து யாருடையதாக இருந்தாலும், ஆன்-கால் அட்டவணை போட்டவரின் மனசு வரைக்கும் சட்டம் வந்து பார்க்கும்.

எஸ்கலேட்டர் கீழேயும் இறங்கும், அதையும் சொல்ல வேண்டும். அவர் இல்லாதபோது ஆட்குறைப்பு நடந்து, அவர் இருந்திருந்தாலும் அந்த வேலை போயிருக்கும் என்றால் சட்டம் காப்பாற்றாது. எங்களிடமும் அந்த வருடம் ஒரு பட்டியல் தயாரானது. இல்லாத ஆளைப் பட்டியலில் சேர்த்தால் ஆபீஸில் யாரும் அழ மாட்டார்கள் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்திருக்க வேண்டும், அவர் பெயர் ஒரு வரைவில் இருந்தது. ‘இருந்திருந்தாலும் போயிருக்கும்’ என்பதை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான் என்று வக்கீல்கள் சொன்னதும் அடுத்த வரைவில் அந்தப் பெயர் இல்லை.

180 நாளுக்கு மேல் பணியில் இருந்தவர் திரும்பி வேலை கேட்க 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். சார்ஜென்ட் அதில் பாதிகூட எடுக்கவில்லை. வந்த முதல் வாரம் பாஸ்வேர்டுகளை மீட்பதிலேயே போனது. அவர் இடத்தில் தற்காலிகமாக எடுத்த பையன் நன்றாகப் பழகியிருந்தான். மாற்று ஆள் இருக்கிறார் என்பதைக் காரணம் காட்டிப் பழையவரை மறுக்க முடியாது என்பதால் அந்தப் பையனை வேறு டீமுக்கு மாற்றினோம். அவ்வளவு நாள் பணியிலிருந்து வந்தவரை அடுத்த ஒரு வருடம் தக்க காரணம் இல்லாமல் நீக்கவும் முடியாது. நாங்களெல்லாம் எப்போது வேண்டுமானாலும், அவர் மட்டும் காரணத்தோடுதான்! கரூர்த் தம்பி இதைக் கேட்டுவிட்டு, எந்த வயசு வரைக்கும் கார்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்தார்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தியாவில் பகுதிநேரச் சிப்பாய்களுக்கான டெரிட்டோரியல் ஆர்மிக்கு 1948-இல் போட்ட சட்டத்திலும், திரும்பி வருகிறவரை முதலாளி மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு வருடம் ஆளில்லாமல் ஓட்டும் செலவு முழுக்க முதலாளியுடையது. எங்கள் கம்பெனியால் ஒரு பையனை ஒப்பந்தத்தில் எடுக்க முடிந்தது. என் மகளின் பல் மருத்துவரிடம் மொத்தம் மூன்று பேர்தான் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவர் ரிசர்வ் பணிக்குக் கிளம்பினால் மருத்துவர் என்ன செய்வார்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் முதலாளிகளுக்கும் படைவீரர்களுக்கும் நடுவில் பேசிவைக்க ஓர் அமைப்பு 1972 முதல் இருக்கிறது. ஊழியர் பரிந்துரைத்தால் மேலதிகாரிக்கு அது ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பும். சார்ஜென்ட் பரிந்துரைத்து எனக்கும் வந்தது, கெட்டியான காகிதம், நல்ல அச்சு. பல் மருத்துவருக்கும் அதே சான்றிதழ்தான் வரும். தற்காலிக ஆளின் சம்பளத்தில் பாதியையாவது அதோடு சேர்த்து அனுப்பினால் என்ன என்று அமைப்பின் தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டேன். அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கேட்க வேண்டிய கேள்வி என்றார்.