கிழிந்த துண்டில்தான் கை தெரியும்

துணியில் பேனாவால் கையால் தீட்டும் கலையான கலம்காரி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை விற்பனைப் பக்கங்கள். பேனா படாத அச்சுத் துணியும் அங்கே அதே பெயரில்தான் கிடைக்கும். கண் பழக வேண்டும் என்றால் அங்கே தொடங்கக் கூடாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணிகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் பெரிய படங்களைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். கையால் தீட்டிய துணி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

தேடும் சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் காலத்து ஏற்றுமதித் துணிக்கு அருங்காட்சியகப் பட்டியல்களில் கலம்காரி என்ற பெயர் அபூர்வம். 'சிண்ட்ஸ்' (chintz, பூ வேலைப் பருத்தித் துணி), 'பலம்போர்' (palampore), 'கோரமாண்டல் கோஸ்ட்' (Coromandel Coast, அதாவது சோழமண்டலக் கரை) ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பலம்போர் என்பது படுக்கை விரிப்பாகவும் சுவர்த் தொங்கலாகவும் போன பெரிய துணி. நடுவில் பூத்துக் குலுங்கும் மரம் நிற்கும். 'மார்டன்ட்' (mordant, சாயத்தைப் பிடிக்கவைப்பது), 'ரெசிஸ்ட்' (resist, சாயம் படாமல் தடுப்பது) என்ற சொற்களையும் சேர்த்தால் துணியே அல்லாத முடிவுகள் குறையும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலும், கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2019 ஜனவரியிலும், ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியிலும் தங்கள் படங்களில் பலவற்றைச் 'சிசி ஜீரோ' (CC0) உரிமத்தில் திறந்துவிட்டன. அந்தக் குறி உள்ள படத்தை அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். இந்தக் கலைக்கு லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட்டில் அருமையான சேகரிப்பு உண்டு. ஆனால் அங்கே நிபந்தனை வேறு. சொந்தப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமக் குறியைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

எந்தப் படத்தை எடுப்பது? கண் உடனே போவது மூன்று மீட்டர் நீளப் பலம்போரின் மேல்தான். கையைப் படிக்க அது உதவாது. கணக்கு போட்டுப் பாருங்கள். துணியின் நீளம் 300 செ.மீ., படத்தின் நீளம் 4000 பிக்சல் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 13 பிக்சல்தான். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு ஒரு பிக்சல்கூடத் தேறாது. அது மங்கிப் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். அதே 4000 பிக்சலில் 40 செ.மீ. கிழிசல் துண்டு ஒன்று இருந்தால் சென்டிமீட்டருக்கு 100 பிக்சல். அரை மில்லிமீட்டர் கோட்டுக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும். பேனா எங்கே நின்றது, எங்கே மை தீர்ந்தது என்பதுவரை தெரியும். அதனால் துண்டைக் குறிக்கும் 'ஃபிராக்மென்ட்' (fragment) என்ற சொல்லையும் தேடலில் சேருங்கள். பட்டியலில் செ.மீ. அளவு கொடுத்திருப்பார்கள். பிக்சலை அதால் வகுத்து, 60க்குக் குறைந்தால் அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

தேடல் பக்கத்தில் தெரியும் சிறுபடத்தைச் சேமித்துவிட்டு 'மங்கலாக இருக்கிறதே' என்று வருந்துவது வழக்கமான தவறு. பொருளின் தனிப்பக்கத்தைத் திறந்து 'டவுன்லோட்' குறியை அழுத்தினால்தான் முழு அளவு வரும். சில தளங்களில் பெரிதாக்கிப் பார்க்க மட்டும் முடியும். படம் சிறு சதுரங்களாகத் துண்டுபட்டு வரும். அந்தச் சதுரங்களை ஒட்டிக் கொடுப்பது 'டீஜூமிஃபை' (Dezoomify) என்ற இலவசக் கருவி. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். மிகப் பெரிய படத்தில் அது பாதியில் நின்றுவிடலாம். பிரவுசர் வரையக்கூடிய பரப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதே காரணம். அப்போது கணினியில் நிறுவி ஓட்டும் 'டீஜூமிஃபை-ஆர்எஸ்' (dezoomify-rs) என்ற வடிவம் கைகொடுக்கும். திறந்த உரிமம் உள்ள படங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

துண்டு கையில் வந்த பிறகு நூறு சதவீத அளவில் வைத்து நிதானமாகப் பாருங்கள். முதலில் கறுப்புக் கோடு. இரும்புத் துருவையும் வெல்லத்தையும் நீரில் ஊறப்போட்டு எடுத்த கரைசல், கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கறுக்கும். கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்ந்திருக்கும். பாலின் கொழுப்புதான் கோடு கசிந்து பரவாமல் பிடிக்கிறது. அந்த இரும்பு காலப்போக்கில் நூலை அரிக்கும். அதனால் பழைய துணியில் பூவின் உடல் முழுசாக இருக்க, கறுப்பு ஓரம் மட்டும் இற்றுப் பிளந்திருக்கும்.

சிவப்பு, துணியின் மேல் பூசிய சாயம் இல்லை. படிகார நீரைத் தடவி, பிறகு துணி முழுவதையும் சாயவேரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். சிவப்புக்குள் மயிரிழைபோல வெள்ளைக் கோடு ஓடுகிறதா? படிகாரம் தடவுமுன் உருகிய மெழுகால் இழுத்த கோடு அது. ஆறாமல் ஒழுகும் மெழுகைக் கொண்டு அவ்வளவு மெல்லிய கோடு இழுத்த கையை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது.

நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடம் அத்தனையையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் நீலம் நுழைந்து நரம்பு நரம்பாய்ப் படியும். பச்சை, நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டிப் பிறந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் பறந்துவிடுவதால் பழைய துணிகளில் இலைகள் நீலமாக நிற்கின்றன. வடிவமைப்பாளர் சிலர் அந்த நீல இலையை அசல் நிறம் என்று எண்ணி நகலெடுக்கிறார்கள். துணியின் மடிப்பிலும் தையலுக்குள் மறைந்த ஓரத்திலும் பாருங்கள், மஞ்சள் மிச்சம் இருக்கலாம்.

இப்படி ஐம்பது துண்டுகளைப் பார்த்த கண்ணோடு விற்பனைப் பக்கத்துக்குத் திரும்பலாம். ஆந்திரத்தில் இரண்டு பாணிகள் உண்டு. காளஹஸ்தி பாணி பேனாவால் எழுதுவது. மசூலிப்பட்டினம் பாணி மரக்கட்டை அச்சு. இரண்டுமே கைவேலைதான், ஒன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை. கட்டை அச்சில் பூக்கள் ஒத்திருக்கும். ஆனால் கட்டைகள் சந்திக்கும் இடத்தில் நிறம் கொஞ்சம் தடித்தோ விலகியோ இருக்கும். பேனாவில் இரண்டு பூக்கள் அச்சாக ஒத்துப்போகாது. ஏமாற்று எது என்றால், பேனா வேலையைப் படமெடுத்து இயந்திரத்தில் அச்சடித்துப் பேனா வேலை என்றே விற்பது. அதில் மை சொட்டிய கறைகூட ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வரும்.

இதைச் சோதிக்கப் பிரவுசரிலேயே ஓடும் 'ஃபோட்டோபீ' (Photopea) என்ற படத் திருத்தக் கருவி போதும். விற்பனைப் படத்தைத் திறந்து, ஒரு பூவைச் சுற்றித் தேர்வு செய்து, கன்ட்ரோலும் ஜேயும் அழுத்தினால் அது தனி லேயராகும் (அடுக்காகும்). அதை அடுத்த பூவின் மேல் நகர்த்தி, அடுக்குகள் கலக்கும் விதமான பிளெண்ட் முறையை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள். ஒத்திருக்கும் இடம் கறுப்பாகும். வேறுபாடு மட்டும் ஒளிரும். துணி மடிந்திருந்தாலோ சாய்வாகப் படமெடுத்திருந்தாலோ ஒரே அச்சுகூட ஒளிரும். அப்போது 'டிஸ்டார்ட்' கொண்டு நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்திவிட்டு, பூவின் ஓரத்தை விட்டுக் கறைகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஓவியரின் கை ஒரே கறையை ஒரே இடத்தில் இரண்டு முறை போடாது.

படமே திருடியதா என்று பார்க்க, படத்தைக் கொடுத்துத் தேடும் 'டின்ஐ' (TinEye) தளம் நல்லது. கூகுள் லென்ஸ் ஒத்த தோற்றமுள்ள பொருள்களைக் கொண்டுவந்து கொட்டும். டின்ஐ அதே படத்தைத் தேடும். முடிவுகளைப் பழையது முதல் என்று அடுக்குங்கள். அங்கே தெரியும் தேதி, கருவி முதலில் கண்ட தேதி. படம் வெளியான தேதியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால் விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள்: துணியின் பின்பக்கம், கரையோரத்தோடு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில். படிகாரம் பிடித்த சிவப்பு நூலுக்குள் இறங்கியிருக்கும், பின்பக்கமும் பூ தெரியும். மேலே மட்டும் அடித்த அச்சில் அங்கே வெளிறிய நிழல்தான் இருக்கும்.