மூன்றாவது முறையா? காயைத் தொடாதே

சதுரங்கப் பலகையில் வெள்ளை ராணி இ8 கட்டத்தில் செக் வைக்கிறது, ஜி8-ல் இருந்த கறுப்பு ராஜா எச்7-க்கு ஓடுகிறது. எச்5-ல் செக், ராஜா மறுபடி ஜி8. சிறுவர் போட்டிகளில் தோற்கவிருந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். ஆனால் "தொடர்ந்து செக் கொடுத்தால் டிரா" என்று தனி விதி கிடையாது. எதிராளி சம்மதிக்காவிட்டால், ஒரே நிலை மூன்றாவது முறை வருவதைக் காட்டி நடுவரிடம் கோர வேண்டும்.

இங்கேதான் டிராவில் கிடைக்கவேண்டிய அரைப் புள்ளி நழுவுகிறது. ராணியை இ8-ல் வைத்து, கடிகாரத்தையும் அழுத்திவிட்டுக் கை தூக்குகிறார்கள். அந்த நகர்வில் டிரா கோரும் உரிமை காயைத் தொட்டதுமே போய்விட்டது. முதலில் நகர்வைத் தாளில் எழுதுங்கள், ஆடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். எதிராளியின் நகர்வாலேயே நிலை மூன்றாம் முறை வந்திருந்தால் எழுதவும் தேவையில்லை.

மூன்று முறையும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்து ஆடவேண்டியவர் அதே ஆட்டக்காரராக இருக்கணும். கோட்டை கட்டும் உரிமை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது), என்பசாந் வாய்ப்பு (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் உடனே சிப்பாயால் வெட்டுவது) எதுவும் மாறியிருக்கக் கூடாது. கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே ஆட வேண்டும். ஐந்தாம் முறை வந்தால் யாரும் கேட்காமலே டிரா.