உலோகம் ஓடும் வழி: வீட்டில் ஒரு குள்ள வீரனை வார்த்தெடுத்தல்

கற்பனை உலக விளையாட்டுகளுக்கான சிறிய உலோக உருவங்களை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது, சிறகு விரித்த டிராகனையோ கையை உயர்த்தி மந்திரம் ஓதும் மெலிந்த முனிவரையோதான். ஆனால் யார் கேட்டாலும், முதல் உருவமாகத் தாடி வைத்து, கோடரியை மார்போடு அணைத்து நிற்கும் தடித்த குள்ள வீரன் ஒருவனையே வடிக்கச் சொல்லுவேன். குள்ளனுக்குக் கழுத்து தெரியாது. கைகள் உடம்பை ஒட்டியிருக்கும். கால்கள் தூண்களைப் போலப் பருத்திருக்கும். உருகிய உலோகம் அச்சின் ஊற்றுவாயிலிருந்து உச்சந்தலை வரை தடையின்றி ஓடுவதற்கு ஏற்ற உடல்வாகு அது. பிசைந்து வடித்தபின் இறுகிவிடும் புட்டி என்ற பசையில் முதலில் உருவத்தை வடித்து, அதைச் சுற்றி ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சில் உலோகத்தை ஊற்றுவதே முறை. புட்டியில் உருவத்தை வடிக்கும்போதே உலோகம் எந்த வழியாக வரும், காற்று எந்த வழியாகப் போகும், அச்சு எந்தக் கோட்டில் பிளக்கும் என்று நினைத்துக்கொண்டே வடிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியதே.

இத்தகைய உருவங்களின் அளவை 28 மில்லிமீட்டர் என்பார்கள். பாதத்திலிருந்து கண்மட்டம் வரை மனிதன் ஒருவனுக்கு உள்ள உயரம் அது. குள்ளன் 20 மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டால், 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள கோடரிக் காம்பு இந்த அளவில் அரை மில்லிமீட்டர்தான் வரும். தன் எடையாலேயே இறங்கிச் செல்லும் உலோகம் அவ்வளவு மெல்லிய குழிக்குள் நுழைவதற்குள் உறைந்துவிடும். ஆகவே காம்பு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். காம்பு தடித்தால் அதைப் பற்றும் கையும் பெருக்க வேண்டும், கை பெருத்தால் தலையும் சற்றுப் பெருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ரால் பார்த்தா, இங்கிலாந்தில் சிட்டடல் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட உருவங்கள் முதல் இன்றுவரை, பெருத்த கைகளும் தடித்த ஆயுதங்களும் இந்த வடிவங்களில் தொடர்ந்து வருவதற்குச் சிற்பியின் விருப்பத்தோடு உலோகத்தின் இயல்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்த நிறுவனங்கள்கூட அச்சைச் சுழலவிட்டு, மையவிலக்கு விசையால் உலோகத்தை விரல் நுனி வரை தள்ளின. வீட்டில் நமக்கு வாய்த்திருப்பது புவியீர்ப்பு மட்டுமே என்பதால், இந்த விதியை அவர்களைவிடக் கண்டிப்பாக நாம் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

வடிப்பதற்கு நான் பயன்படுத்துவது, கிரீன் ஸ்டஃப் என்று எல்லோரும் அழைக்கும் எபாக்ஸி புட்டி. நீலம், மஞ்சள் என இரண்டு பட்டைகளாக வரும். சம அளவில் எடுத்துப் பிசைந்தால் பச்சையாகும். இரண்டும் ஒட்டியே வரும் நாடாவாக இருந்தால், அவை தொட்டுக்கொண்டிருக்கும் நடுப்பகுதியை மெல்லியதாக வெட்டி எறிந்துவிட வேண்டும். அந்த இடம் ஏற்கெனவே இறுகியிருப்பதால், பிசைந்த புட்டிக்குள் குருணை போல உருட்டிக்கொண்டு நிற்கும். மஞ்சளைச் சற்றுக் கூட்டினால் கலவை மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும், நீலத்தைக் கூட்டினால் கெட்டிப்பட்டு விளிம்புகள் கூர்மையாக நிற்கும். கோடரிக்கும் கவசத்திற்கும் நீலம் மிகுந்த கலவை, முகத்திற்கு மஞ்சள் மிகுந்த கலவை என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அடிப்பீடத்தைப் பருமனாக நிரப்ப, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போதுமானது.

செம்புக் கம்பியை முறுக்கிக் கைகால்களுக்கு ஓர் எலும்புக்கூடு செய்து, அதை ஒரு தக்கையில் குத்தி நிறுத்தியபின், உடம்பை ஒரே மூச்சில் முடிக்க முயலாமல் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஓர் அடுக்கு முழுவதும் இறுகிய பிறகு அடுத்ததைப் பூசினால், புதிய பகுதியை அழுத்தும்போது பழைய பகுதி நசுங்காது. கருவிகளில் தண்ணீர் தொட்டுக்கொண்டால் புட்டி ஒட்டாது. பல் மருத்துவர்கள் மெழுகு செதுக்கப் பயன்படுத்தும் இலை வடிவக் கருவி ஒன்றும், ஒரு தையல் ஊசியும், ரப்பர் நுனி கொண்ட தூரிகை ஒன்றும் இருந்தால் முகம் வரை வந்துவிடலாம்.

தாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிசைந்தவுடன் கோடு கிழித்தால் புட்டி கருவியோடு இழுபடும். அரை மணி நேரம் போல விட்டு, ஒட்டும் தன்மை குறைந்த பிறகு கிழித்தால் கோடு போட்டபடி நிற்கும். முதலில் தாடியை ஒரு தட்டையான துளி வடிவில் மார்பின் மேல் படியவைத்து, கத்தி முனையால் நான்கைந்து பெரிய கற்றைகளாகப் பிரித்து, பின்னர் ஒவ்வொரு கற்றைக்குள்ளும் ஊசியால் முடியிழைகளை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளமும் மேலே அகன்று, அடியில் குறுகி இருப்பது அவசியம். ஊசியைச் சாய்த்துப் பிடித்து அடியைக் குடைந்துவிட்டால், பார்வைக்கு நிழல் ஆழமாக அழகாகத் தெரியும். ஆனால் அந்தக் குடைவுக்குள் புகுந்த ரப்பர், ஒவ்வொரு வார்ப்பை உரிக்கும்போதும் சிறிது சிறிதாகக் கிழியும். தாடியின் கீழ் நுனி மார்பிலிருந்து எழும்பி நிற்காமல் இடைவாரோடு படிந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

இவ்விடத்தில் சுவாமிமலையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த மெழுகில் உருவம் வடித்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்ப்பு முடிந்ததும் மண் அச்சு உடைக்கப்படுவதால், விரல்களுக்கு இடையிலும் திருவாசியின் வளைவுகளிலும் எத்தனை குடைவு இருந்தாலும் அவர்களுக்குத் தடையில்லை. ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. நாம் செய்வது திறந்து மூடி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் அச்சு. ஒரே குள்ளனை ஒரு படையாகப் பெருக்க முடிகிறது என்றாலும், உருவம் அச்சிலிருந்து முழுதாக வெளிவர வேண்டும் என்ற கட்டுப்பாடு சிற்பியின் கையை ஒவ்வொரு நொடியும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று உயிருள்ள தோற்றம் ஒன்றைக் கொண்டுவருவதுதான் எனக்கு இதில் பெரிய இன்பம்.

அச்சுக்கு, வெப்பம் தாங்கும் சிலிக்கான் ரப்பர் வேண்டும். சாதாரண சிலிக்கான் போதாது. உலோக வார்ப்புக்கென்றே 290 டிகிரி செல்சியஸ் அளவு வரை தாங்கும் வகைகள் விற்கின்றன, டப்பாவின் மேல் அந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். பிளாட்டினம் வினையூக்கி கொண்ட சிலிக்கான், கந்தகம் கலந்த களிமண்ணைத் தொட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். வெள்ளீய வினையூக்கி கொண்ட வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. லெகோ கட்டைகளால் சிறு பெட்டி ஒன்று கட்டி, அடியில் களிமண் பரப்பி, குள்ளனைப் பாதி ஆழம் வரை அதில் புதைக்க வேண்டும். களிமண்ணின் விளிம்பு உருவத்தைச் சந்திக்கும் கோடுதான் நாளை அச்சு பிளக்கும் கோடு. அது தலைக்கவசத்தின் ஓரம், தோள், கையின் வெளிப்புறம், காலணியின் பக்கம் என்று உருவத்தின் மிக அகன்ற இடங்களின் வழியே போக வேண்டும். முகத்தின் நடுவே போகக் கூடாது. தூரிகைக் காம்பின் முனையால் களிமண்ணில் சில குழிகள் அழுத்திவைத்தால், இரண்டு பாதிகளும் பின்னர் இடம் மாறாமல் பொருந்தும்.

கலந்த சிலிக்கானை முதலில் தூரிகையால் முகத்திலும் தாடியிலும் மெல்லப் பூசிவிட்டு, மீதியைப் பெட்டியின் ஒரு மூலையில் நூல் போல உயரத்திலிருந்து ஊற்றினால் குமிழிகள் பெரும்பாலும் உடைந்துவிடும். அப்படியும் உருவத்தை ஒட்டி ஒரு குமிழி தங்கினால், அது ஒவ்வொரு வார்ப்பிலும் உலோகப் பரு ஒன்றாகத் தோன்றும். முதல் பாதி இறுகியதும் திருப்பிப்போட்டு, களிமண்ணை நீக்கி, ரப்பர் பரப்பில் வாஸ்லினை மிக மெல்லியதாகத் தடவி, இரண்டாவது பாதியை ஊற்ற வேண்டும். ரப்பருக்கு ரப்பர் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாஸ்லினைத் தவிர்க்கவே முடியாது.

பிறகு கத்தி வேலை. குள்ளன் தலைகீழாகத் தொங்க, பீடத்தின் வழியே உலோகம் இறங்கும்படி ஊற்றுவாயைப் புனல் வடிவில் வெட்டுகிறேன். வாய் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால், அதில் நிற்கும் உலோகத்தின் எடை கீழேயுள்ள உலோகத்தை அழுத்தும். உறையும்போது சுருங்கும் இடத்தை நிரப்பவும் அதுவே உதவும். தலைக்கவசத்தின் உச்சி, கோடரியின் முனை, முழங்கை ஆகிய இடங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து மேல்விளிம்பு வரை தலைமுடி அகலத்தில் வாய்க்கால்கள் கீறிவிட வேண்டும். முதலில் குறைவாகக் கீறி, வார்த்துப் பார்த்து, எங்கே நிரம்பவில்லையோ அங்கே மட்டும் கூடுதலாகக் கீறுவதே நல்லது.

உலோகத்தில், காரீயத்தை வீட்டுக்குள் விடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய உருவங்கள் காரீயக் கலவையில்தான் வந்தன. 1990களில் அமெரிக்காவில் காரீயத்திற்கு எதிரான சட்டங்கள் எழுந்தபோது நிறுவனங்கள் வெள்ளீயக் கலவைகளுக்கு மாறின. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எந்த உலோகமோ அதே வெள்ளீயம்தான் இதற்கும் அடிப்படை. அது 232 டிகிரியில் உருகும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஓட்டையாகிவிடும் என்று வீட்டில் எச்சரிப்பது இதனால்தான். அதோடு சில விழுக்காடு ஆன்டிமனியும் சிறிது செம்பும் சேர்ந்த கலவை கடினமாகவும் நுணுக்கமாகவும் வார்க்க வரும். 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத்-வெள்ளீயக் கலவையும் உண்டு; அச்சுக்கு அது இதமானது, ஆனால் மெல்லிய கோடரிக் காம்பு வளையாமல் ஒடிந்துவிடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படாத தனிப் பாத்திரம், தனி மின் அடுப்பு, திறந்த ஜன்னல், தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை ஆகியவை இல்லாமல் தொடங்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தண்ணீர். ஈரமான கரண்டியோ ஈரம் ஒட்டிய உலோகத் துண்டோ உருகிய உலோகத்திற்குள் போனால், நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகம் வரை தெறிக்கவைக்கும். தீக்குச்சியின் மரமுனையை உலோகத்தில் தோய்த்தால் மெதுவாகப் பழுப்பேற வேண்டும். உடனே கருகிப் புகைந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள்.

அச்சின் உட்புறம் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிடுங்கள். அந்த மெல்லிய படலத்தின் மேல் உலோகம் நுண்ணிய பள்ளங்கள் வரை ஓடும். இரு பாதிகளையும் இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து ரப்பர் பேண்டால் கட்டலாம். இறுக்கம் மிகுந்தால் ரப்பர் நசுங்கிக் குள்ளன் தட்டையாகிவிடுவான். கசடை ஒதுக்கிவிட்டு, கரண்டியில் தேவைக்கு மேலேயே எடுத்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். அச்சு குளிர்ந்திருக்கும்வரை வரும் வார்ப்புகளில் கோடரியோ மூக்கோ குறைவாகவே வரும். அவை அச்சைச் சூடேற்றுவதற்காக வருபவை, திரும்பப் பாத்திரத்துக்குப் போகட்டும். அச்சு நன்றாகச் சூடேறியதும் முகம் திடீரெனத் தெளிந்து, தாடியின் ஒவ்வோர் இழையும் வந்துவிடும். மேலும் ஊற்றிக்கொண்டே போய் அச்சு அளவு கடந்து சூடேறினால், பரப்பு பூத்தாற்போல மங்கும். அப்போது அச்சைத் திறந்து ஆறவிட வேண்டியதுதான்.

வெளிவந்த உருவத்தில் ஊற்றுவாயை வெட்டி, பிளவுக்கோட்டிலுள்ள பிசிறை நுண் அரத்தால் சீவி, பவுடர் போகச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் வண்ணத்திற்குத் தயார். ஆனால் மிகத் தெளிவாக வந்த வார்ப்பு ஒன்றுக்கு நான் வண்ணம் பூசுவதில்லை. பச்சைப் புட்டி மூலம் என்றாவது உடையும், சிலிக்கான் அச்சும் என்றாவது கிழியும்; அன்று இந்த உலோகக் குள்ளனிடமிருந்துதான் அடுத்த அச்சை எடுக்க வேண்டும். உலோகம் உறையும்போது சற்றே சுருங்குவதால், வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் உயரம் மயிரிழை அளவு குறையும். ஆகவே எத்தனை அச்சு மாறினாலும் அத்தனைக்கும் அந்த ஒரே வார்ப்பையே மூலமாக வைத்துக்கொள்கிறேன்.