வான்வெளி மூடப்பட்டால்: கேண்டரில் இறங்கியவர்களிடம் கற்க வேண்டியவை

2001 செப்டம்பர் 11 அன்று பயங்கரவாதிகள் கடத்திய விமானங்கள் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் மோதின. அதையடுத்து, நியூயார்க் நேரம் காலை 9.45 வாக்கில், அமெரிக்க வான்வெளியில் இருந்த எல்லா விமானங்களும் உடனே தரையிறங்க வேண்டும் என்று உத்தரவு போனது. அந்நேரம் சுமார் 4,500 விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. உள்நாட்டு விமானங்களுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஓர் ஓடுதளம் கிடைத்தது. அட்லாண்டிக் மேல் இருந்தவைதான் மாட்டிக்கொண்டன. பாதி வழி தாண்டாதவை பல ஐரோப்பாவுக்கே திரும்பிவிட்டன. தாண்டியவற்றுக்குத் திரும்பிப் போக எரிபொருள் போதாது. அப்படி வந்த 200-க்கும் மேற்பட்ட விமானங்களைக் கனடா ஏற்றுக்கொண்டது. உள்ளே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாததால், பெருநகரங்களை முடிந்தவரை தவிர்த்துக் கிழக்குக் கரையோர நிலையங்களுக்குத் திருப்பினார்கள். அதில் ஒன்று நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கேண்டர். மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். அன்று 38 பயணிகள் விமானங்களில் வந்திறங்கியவர்கள் சுமார் 6,600 பேர். அத்தனை சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய ஓடுதளம் எதற்கு என்றால், ஒரு காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கேதான் நின்றன.

ஊர்மக்களின் விருந்தோம்பல் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பயணம் போகிறவருக்கு உதவுவது வேறொன்று: அந்த நாட்களில் எது முதலில் தீர்ந்தது, ஏன் தீர்ந்தது என்பது. எந்த நாட்டில் எந்தக் காரணத்துக்காக வான்வெளி மூடினாலும் அநேகமாக இதே வரிசையில்தான் சிக்கல்கள் வரும்.

முதல் சிக்கல் விமானத்துக்குள்ளேயே ஆரம்பிக்கும். தரையிறங்கியதும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். படிக்கட்டு வண்டிகள் குறைவு, குடிவரவு அதிகாரிகள் குறைவு, ஒவ்வொரு விமானத்தையும் சோதித்த பிறகே அடுத்தது. கேண்டரில் சிலர் கடல்மேல் பறந்த நேரத்தையும் சேர்த்து 24 மணி நேரத்துக்கும் மேல் இருக்கையிலேயே கழித்தார்கள். இவ்வளவு நேரத்தில் கழிப்பறைத் தொட்டி நிரம்பும், குடிநீர் குறையும், போன் சார்ஜ் இறங்கும். மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டுவதைத் தடுக்க. கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது அதைக் கெடுத்துவிடும். அறிவிப்புகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அன்று சில விமானிகள், பீதி வரக்கூடாது என்று, சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தரையிறக்கிய பின்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, பெட்டி. பாதுகாப்புக் காரணத்தால் சரக்கறையில் போட்ட பெட்டிகள் விமானத்திலேயே இருந்துவிட்டன. கையில் என்ன இருந்ததோ அதோடுதான் மக்கள் பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் போனார்கள். மாற்று உள்ளாடை, குழந்தைக்கான டயப்பர் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆனால் அவற்றைக் கடையிலோ நன்கொடையிலோ தேடிப் பிடிக்கலாம். மருந்து அப்படியல்ல.

கேண்டரின் மருந்தாளர்கள் பல நாடுகளில் இருக்கும் மருத்துவர்களையும் மருந்தகங்களையும் போனில் கூப்பிட்டு, யாருக்கு என்ன மருந்து என்று ஒவ்வொன்றாக உறுதி செய்தார்கள். இவ்வளவு பாடு எதற்கு? ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு வணிகப் பெயரில் விற்கும். ‘வெள்ளையா, சின்னதா ஒரு பிரஷர் மாத்திரை’ என்று சொன்னால் எந்த மருந்தாளருக்கும் புரியாது. எனவே கைப்பையில் ஒரு தாள் இருக்க வேண்டும்: மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எதற்காக, எந்தெந்த மருந்து ஒவ்வாது. போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போகும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகப்படியான மாத்திரைகளையும், அசல் அட்டையோடு, கைப்பையிலேயே வையுங்கள்.

எதற்கு அவசரப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தைராய்டு மாத்திரை இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. அது உடம்பில் மெதுவாகவே குறையும். வலிப்பு மருந்து, நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு, பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை, இன்சுலின் இவற்றைத் திடீரென நிறுத்தவே கூடாது. இவை தீரப்போகிறது என்றால், தீரும் வரை காத்திராமல் விமானத்தில் இருக்கும்போதே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலினுக்குக் குளிர்பெட்டி கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் உறைந்துபோனால் வீணாகிவிடும். சரக்கறைப் பெட்டியில் வைக்கக்கூடாது என்பது அதனால்தான்.

மூன்றாவது, செய்தி. பேரழிவு நடந்த ஊருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போடுவதால் இணைப்பு நெரிசலில் திணறும். அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போகும். அது வரிசையில் நின்று, வழி கிடைத்ததும் போய்ச் சேரும். அந்த ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவரை மையமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எல்லோரும் அவருக்கு மட்டும் ‘நலம், இந்த இடத்தில் இருக்கிறேன், அடுத்து இத்தனை மணிக்கு’ என்று சொன்னால் போதும். மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார்.

உங்களுக்கு வேண்டியவர் அந்தச் சம்பவ இடத்திலேயே இருக்கலாம் என்றால், தங்குமிடத்தில் பெயர் எழுதும்போதே அதைச் சொல்லுங்கள். கேண்டரில், நியூயார்க் தீயணைப்பு வீரரான மகனைக் காணவில்லை என்று ஒரு தாய் போன் பக்கத்தைவிட்டு நகராமல் காத்திருந்தார். உள்ளூர்ப் பெண் ஒருவர் அவர்கூடவே இருந்தார். அவருடைய மகனும் தீயணைப்புப் பணியில் இருந்தவர். இப்படிக் காத்திருப்பவர் யார் என்று தெரிந்தால்தான் போனையும் துணையையும் ஒதுக்கித் தர முடியும். மற்றவர்கள் நாள் முழுக்க டிவி முன் உட்காருவதில் பயனில்லை. ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் தகவல் தவறாது. குழந்தைகள் இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம்.

இனி, கிளம்புவது. வான்வெளி ஒரே நேரத்தில் முழுதாகத் திறக்காது. செப்டம்பர் 12 அன்று திசைமாறிய விமானங்கள் மட்டும் பயணத்தை முடிக்க அனுமதி. மற்ற பயணிகள் விமானங்களுக்கு 13-ஆம் தேதிதான் வழி திறந்தது. அதன் பிறகும் சோதனை, வானிலை, பணியாளர் ஓய்வு நேரம் என்று தாமதமாகும். பயணிகளைப் பள்ளிக்கூடத்திலும் விமானப் பணியாளர்களை ஹோட்டலிலும் தங்கவைத்ததைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரலாம். அவர்கள் தூங்கினால்தான் விமானம் கிளம்பும்.

உங்கள் விமானக் குழுவைவிட்டுப் பிரியாதீர்கள். கேண்டரில் ஆட்களை விமானவாரியாகக் கணக்கு வைத்திருந்ததால்தான், புறப்படும் அழைப்பு வந்ததும் பேருந்துகளில் ஏற்ற முடிந்தது. வாடகைக் காரிலோ ரயிலிலோ தனியே போக முடிவெடுத்தால், விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். பயணி ஏறாமல் அவர் பெட்டி மட்டும் பறக்கக்கூடாது என்பது சர்வதேச விமானங்களில் விதி. ஒருவர் சொல்லாமல் போனால், அவர் பெட்டியைத் தேடி இறக்கும்வரை மொத்த விமானமும் நிற்கும்.

பணத்தில் ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, காரணம் விமான நிறுவனத்தின் கைமீறியதாக இருந்தாலும் சாப்பாடு, தங்குமிடம், இரண்டு அழைப்புகள் அவர்கள் பொறுப்பு. நஷ்டஈடு மட்டும் கிடையாது. ஆனால் ‘டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் பொறுப்பு அங்கேயே முடிந்துவிடும். வேறு வழி தெளிவாகத் தெரியும் வரை மாற்று விமானம்தான் கேட்க வேண்டும். ரத்து என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். காப்பீட்டுக்கும் அதுதான் சாட்சி. விசா முடியப்போகிறது என்றால் குடிவரவு அலுவலகத்தில் காட்டவும் அதே தாள்தான். முடியும் தேதிக்கு முன்னால் போய்க் கேளுங்கள். பின்னால் போனால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அனுமதி மீறித் தங்கியவர் கணக்கில் வந்துவிடலாம்.